ஏறுமிடம் பார்த்து இறங்குவோர்: கோவையிலிருந்து கோவளத்துக்கு ஒரு ஸ்கூபா பயணம்

கோவையில் நீச்சல்குளத்தில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைச் சுமந்துகொண்டு நீருக்கடியில் நீந்துவது) பயிற்சி கொடுத்து, பிறகு கேரளத்தின் கோவளத்துக்கு அழைத்துப் போய்ப் படகில்லாமல் கரையிலிருந்தே கடலில் இறக்கும் ஒரு சிறு குழுவுடன் சென்ற பிப்ரவரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். நான்கு பயிற்சியாளர்கள், ஒரு பழைய டெம்போ டிராவலர், கருவிகளை வைக்க வாடகைக்கு எடுத்த ஒரு கிடங்கு, இவ்வளவுதான் அவர்களுடைய நிறுவனம். பெயர்ப்பலகை கிடையாது, போய்வந்தவர்கள் சொல்லித்தான் அடுத்தவர்கள் வருகிறார்கள். பயணம், தங்குமிடம், கருவி வாடகை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் வாங்கினார்கள். திட்டப்படி நான்கு முக்குளிப்புகள் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவை இரண்டு. கிடைத்த இரண்டுக்காக இந்தச் சேவையை நான் பாராட்டுகிறேன்; கிடைக்காமற்போன இரண்டுக்காக அதைவிட அதிகமாகப் பாராட்டுகிறேன்.

நம் பக்கத்தில் பெரும்பாலோர் நீச்சல் பழகியது தோட்டத்துக் கிணற்றில். பெருந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) கிணறு ஏறக்குறைய 60 அடி ஆழம். முதுகில் மிதவையாகச் சுரைப்புருடையைக் கட்டி என்னை உள்ளே இறக்கிவிடுவதற்கு முன்னால், அவர் ஒவ்வொரு முறையும் கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடக்கவைப்பார். படி எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் படிக்கல் பெயர்ந்து ஆடுகிறது, மோட்டார் குழாய் எங்கே இறங்குகிறது, இன்றைக்குத் தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது என்று நான் சொல்லியாக வேண்டும். "குதிக்கறது பெருசில்ல கண்ணு, ஏர்ற எடத்தப் பாத்துக்கிட்டு அப்பறமாக் குதி" என்பார். முப்பது ஆண்டுகள் கழித்து, கோவளத்துப் பாறைமேல் நின்றுகொண்டு அதே கேள்விகளைக் கேட்ட ஒரு பயிற்சியாளரைச் சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கரையிலிருந்து இறங்கும் முக்குளிப்பில் இடத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. படகில் போனால் படகோட்டி உங்களை நேராகக் கடலடிப் பாறையின்மேல் கொண்டுபோய் நிறுத்துகிறார், ஏணி இருக்கிறது, முடிந்ததும் கைகொடுத்துத் தூக்குகிறார்கள். கரையிலிருந்து போகிறவர் 20 கிலோவுக்கு மேற்பட்ட கருவிகளைச் சுமந்துகொண்டு, அலை உடையும் இடத்தைத் தாமாகவே தாண்டி, தண்ணீருக்கடியில் வழி கண்டுபிடித்து, களைத்த உடம்போடு அதே அலைகளைத் தாண்டித் திரும்ப வேண்டும். ஆகவே ஓரிடம் எவ்வளவு அழகானது என்பதற்கு முன், களைத்த ஒருவர் அங்கிருந்து வெளியே வர முடியுமா என்பதைக் கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கேட்காத குழுக்கள் இருக்கின்றன என்பதை நான் என் முழங்காலில் இருக்கும் தழும்பை வைத்தே சொல்ல முடியும்.

அதற்கு முந்தைய ஆண்டு, கிழக்குக் கடற்கரையில், வேறொரு குழுவுடன் போயிருந்தேன். அவர்கள் இறங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், வண்டியை மணல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான். அங்கே கரை செங்குத்தாகச் சரிந்தது. சரிவான கரையில் அலை தொலைவில் உடையாமல் காலடியிலேயே வந்து விழும். வெறும் மணலிலேயே ஃபின்களை (காலில் மாட்டும் துடுப்புகளை) மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடக்கச் சொன்னார்கள். மூன்றாவது அலை என்னைப் புரட்டிப் போட்டது. ஒரு ஃபின் போய்விட்டது. வாயில் வைத்து மூச்சுவிடும் ரெகுலேட்டருக்குள் மணல் புகுந்து, காற்று நிற்காமல் பீறிட்டுக்கொண்டே இருந்தது. கூட வந்தவர் என்னைத் தோள்பட்டைப் பட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். அன்று நாங்கள் தண்ணீருக்கடியில் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. பணமும் திரும்பவில்லை.

இந்தப் பின்னணியோடுதான் சனிக்கிழமை காலை 6 மணிக்குக் கோவளத்தில் நின்றேன். கலங்கரை விளக்கக் கடற்கரைக்கும் அதன் வடக்கேயுள்ள ஹவா கடற்கரைக்கும் இடையில் ஒரு பாறைமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. எங்களை அழைத்துச் சென்ற மூத்த பயிற்சியாளர் பொள்ளாச்சிக்காரர், ஒரு பெண். சிலிண்டர்களை வண்டியிலேயே வைத்துவிட்டு, எங்கள் ஆறு பேரையும் அந்தப் பாறைமேல் வெறுங்கையோடு ஏற்றி உட்காரவைத்தார். 40 நிமிடங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு வேலை: ஒருவர் அலைகளை எண்ண வேண்டும், ஒருவர் பெரிய அலைக்கூட்டங்களுக்கு இடையிலுள்ள நேரத்தைக் குறிக்க வேண்டும், ஒருவர் நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை, மூன்று வெவ்வேறு இடங்களை ஏறுமிடங்களாகக் கண்டுபிடிப்பது. ஒன்று அடைபட்டால் இன்னொன்று வேண்டும் என்றார்.

அலைகள் தனித்தனியாக ஒரே அளவில் வருவதில்லை. சில நிமிடங்கள் சிறியவையாக வந்துவிட்டு, பிறகு நான்கைந்து பெரிய அலைகள் கூட்டமாக வரும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் அமைதியாக இருக்கிறது என்று முடிவுகட்டுகிறவர், இரண்டு கூட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை மட்டுமே பார்த்திருக்கக் கூடும். அன்று காலை கூட்டங்களுக்கு இடையே ஏறக்குறைய 8 நிமிட இடைவெளி இருந்தது. பெரிய அலைகூட முழங்கால் உயரத்துக்கு மேல் பாறையில் ஏறவில்லை. நுரை மெதுவாகத் தெற்கே நகர்ந்தது. நீரோட்டத்தை நம் மீனவர்கள் நீவாடு என்பார்கள். அதை எதிர்த்துப் புறப்பட்டு, அது தள்ளிக்கொண்டுவரத் திரும்ப வேண்டும் என்பது கரை முக்குளிப்பின் பழைய விதி. ஆகவே வடக்கு நோக்கிப் போவது என்று முடிவாயிற்று. தெற்கிலிருந்து வரும் அலையைப் பாறைமுனை தாங்கிக்கொள்வதால் அதன் வடபுறம் அடக்கமாக இருப்பதையும் எங்கள் கண்ணாலேயே பார்த்தோம்.

அதோடு பயிற்சியாளர் நிறுத்தவில்லை. பாறையடியில் சிப்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் போனார். விழிஞ்ஞம், கோவளம் பகுதியில் பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பிக்காக மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கையில் ஓர் உளி, இடுப்பில் ஒரு வலைப்பை, வேறெதுவும் இல்லை. "சேட்டா" என்று விளித்து, தமிழும் மலையாளமும் கலந்து அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அடியில் தெளிவாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். அவர், "நீங்க இன்னிக்கு எந்தக் கல்லுமேல ஏறி வெளிய வந்தீங்க?" என்று கேட்டார். முதியவர் கையை நீட்டிக் காட்டிய இடம், நான் குறித்துவைத்திருந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பாறைக்கும் மணலுக்கும் நடுவில், சாய்வாக, பாசி இல்லாத ஓர் அடுக்கு. நாங்கள் அங்கேதான் ஏறினோம்.

முந்தைய இரவே அவர்கள் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைத் திரையில் காட்டி விளக்கியிருந்தார்கள். இன்காய்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மையத்தின் அறிவிப்புகள் மீனவர்களுக்காக வெளியிடப்படுபவை. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நம்மவர்கள் அதில் அலை உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும். அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரம் அது. 6 விநாடிக்கு ஒருமுறை வரும் ஒரு மீட்டர் அலை உள்ளூர்க் காற்று கிளப்பியது, எரிச்சலூட்டும், அவ்வளவுதான். 16 விநாடிக்கு ஒருமுறை வரும் அதே உயர அலை பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கே எங்கோ அடித்த புயலில் பிறந்தது. அதன் சுமை பெரிது, ஆழமற்ற இடத்தில் உயர்ந்து எழும், அடித்தரையில் இருக்கும் முக்குளிப்பவரையும் முன்னும் பின்னுமாக இழுக்கும். உள்ளூரில் காற்றே இல்லாத நல்ல வெயில் நாளில் இப்படிக் கடல் திடீரென ஏறிவருவதைத்தான் கேரளத்தில் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தபோதும் அப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

சனிக்கிழமை முக்குளிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளத்தில் மிதக்காமல் மூழ்குவதற்கு எனக்கு 4 கிலோ ஈயம் போதுமானதாக இருந்தது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு அடர்த்தி மிகுந்தது என்பதால், கருவிகளோடு நூறு கிலோவைத் தாண்டும் எனக்கு இரண்டரை கிலோ கூட்டிக் கட்டினார்கள். கோவையில் பயின்று நேரே கடலுக்குப் போகிறவர்கள் மிதந்துகொண்டு தவிப்பது பெரும்பாலும் இதனால்தான். இடுப்பளவு தண்ணீரில், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஃபின் மாட்டினோம். ரெகுலேட்டர் ஏற்கெனவே வாயில் இருந்தது, கை மாஸ்க்கின் மேல் இருந்தது. திசைகாட்டியில் போகும்போது ஒரு திசை, வரும்போது அதற்கு நேரெதிர்த் திசை. அது தவிர அந்தப் பகுதி மீனவர்கள் கணிச்சம் என்று சொல்லும் முறையையும் கற்றுத்தந்தார்கள்: கரையில் முன்னும் பின்னுமாக இருக்கும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்துப் பார்த்தால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். 1972 முதல் அங்கே நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கலங்கரை விளக்கமும், அதற்கு முன்னால் கரையோரத்தில் சாய்ந்து நின்ற ஒரு தென்னையும் எங்களுக்கு அமைந்தன. மேலே வந்து பார்க்கும்போதெல்லாம் தென்னை கலங்கரை விளக்கத்தின் வலப்புறம் விலகியிருந்தால் நாங்கள் நகர்ந்துவிட்டோம் என்று பொருள்.

ஆழம் 8 மீட்டரைத் தாண்டவில்லை. தெளிவு 6 மீட்டர் இருக்கலாம். அந்தமான் போய்வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குக் குறையே தெரியவில்லை. ஒரு பாறையிடுக்கில் விலாங்கு போன்ற அஞ்சாலை மீன் ஒன்று வாயைத் திறந்து மூடி மூடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது; அதன் தலைக்கு மேலே, கூரையைப் பற்றிக்கொண்டு தலைகீழாக ஒரு சிங்கமீன். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை, யாரோ பக்கத்தில் கற்கண்டைக் கடிப்பதுபோல, தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. அறுந்த நைலான் வலையும் கிடந்தது. பயிற்சியாளர் கத்தியால் ஒரு பகுதியை அறுத்துச் சுருட்டிக்கொண்டார். 200 பார் காற்றழுத்தத்தில் தொடங்கிய சிலிண்டர் 110 வந்ததும் திரும்பச் சொன்னார். கரையேறும்போது எனக்கு 70 மீதமிருந்தது. வெளியே வரும் இடத்தில் காத்திருக்க நேர்ந்தால் மூச்சுவிட வேண்டுமே, அதற்காகத்தான் அந்த மீதம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் சனிக்கிழமையைவிட அழகாக இருந்தது. காற்றில்லை, தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் கருவிகளை மாட்டிக்கொள்ளவே தொடங்கிவிட்டார்கள். முன்னறிவிப்பில் அலை உயரம் முந்தைய நாளைவிடச் சற்றே கூடியிருந்தது. விநாடிக் கணக்கு மட்டும் 9லிருந்து 15க்கு ஏறியிருந்தது. மறுபடியும் பாறைமேல் உட்கார்ந்தோம். 12 நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஓர் அலைக்கூட்டம் வந்தது. ஓசையில்லாமல் தண்ணீர் வீங்கி எழுந்து, நேற்று நாங்கள் ஏறிய அடுக்கையும் அதற்கு மேலிருந்த இரண்டு அடுக்குகளையும் மூடி, பின்வாங்கும்போது பாறையின் அடிவரைக்கும் வெறுமையாக்கிக்கொண்டு போயிற்று. கடல்முள்ளிகள் ஒட்டியிருந்த கல் வெளியே தெரிந்தது. ஐந்து முறை அப்படி. பிறகு மறுபடியும் கண்ணாடி. "இன்னிக்கு வேண்டாங்கண்ணா" என்றார் பயிற்சியாளர். திருப்பூர் நண்பர் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்திருக்கிறோமே, இறங்கிவிட்டால் அடியில் அமைதியாகத்தானே இருக்கும் என்றார். "எறங்கீரலாமுங்க. ஏர்றதுக்கு எடமில்லைங்க" என்பதே பதில். வண்டி புறப்படுவதற்கு முன் நடக்காத இரண்டு முக்குளிப்புகளுக்கான தொகை எல்லோருடைய ஜிபேயிலும் வந்துவிட்டது. அந்தப் பகலை வீணாக்காமல், விழிஞ்ஞம் வரை கரையோரமாக நடத்திக்கொண்டுபோய், எந்த இடம் எந்தப் பருவத்துக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். தென்மேற்குப் பருவமழை வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரை முழுவதையும் மறந்துவிட வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

குறைகளும் உண்டு. உயரமானவர்களுக்கும் பருத்தவர்களுக்கும் வெட்சூட் (முக்குளிப்பு உடை) அளவு கிடைப்பதில்லை. எனக்குக் கொடுத்தது கழுத்தை இறுக்கியது. பெண்கள் உடைமாற்ற ஒழுங்கான இடம் ஏற்பாடு செய்யவில்லை; வண்டியின் திரையை இழுத்துவிட்டுச் சமாளித்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய குறை, முதலுதவிக்கான ஆக்சிஜன் சிலிண்டரை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தது. அது இறங்குமிடத்துக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நேரிலேயே சொன்னேன். ஒப்புக்கொண்டு, இரண்டாவது முக்குளிப்புக்குப் பாறை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோவளத்தைவிட நமக்கு வேறு நல்ல இடங்கள் இல்லையா என்று கேட்பவர்கள் முதலில் மண்டபம், இராமேசுவரம் பக்கத்தை நினைப்பார்கள். அங்கே கடல் இரண்டு: தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்க, வடகடல் படுத்திருக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறாக இருக்கும். காற்றுக்கு மறைவான கரையைத் தேர்ந்தெடுப்பதைக் கற்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஆனால் கரையோரம் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடப்பதாலும், தண்ணீர் அடிக்கடி கலங்கிவிடுவதாலும், கரையிலிருந்து நடந்துபோய் முக்குளிப்பதற்கு அது அவ்வளவு தோதானதல்ல. பவளப்பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே போகக் கூடாது. எந்தக் கரையாக இருந்தாலும், ஒதுங்கிக் கிடக்கும் செத்த பவளத்துண்டைக்கூட நினைவுப்பொருளாக எடுத்துவரக் கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

அந்தமானில், 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில், நீமோ ரீஃப் என்ற இடம் கரையிலிருந்தே போகத்தக்கது. மணல் தரை, ஆழம் குறைவு, கோமாளிமீன்கள், புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. அங்கே பார்க்க வேண்டியது ஏற்றவற்றம். வற்றத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடுவதால், கருவிகளைச் சுமந்துகொண்டு கல்லிலும் பவளத்திலும் தடுக்கிக்கொண்டே நடக்க நேரிடும். போகும்போது தண்ணீர் நிறைந்திருந்தாலும், திரும்பும் நேரத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உப்புநீர் முதலைகள் இருக்கும் தீவுகள் என்பதால் சதுப்புக் காடுகளை ஒட்டிய ஓடை வாய்கள் பக்கம் தலைகாட்டவே கூடாது. வெளிநாடு போக வசதியுள்ளவர்களுக்குப் பாலித் தீவின் துலாம்பென் இருக்கிறது. 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டுபட்டுக் கரை ஒதுக்கப்பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல், 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்து, இப்போது கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் கிடக்கிறது. அங்கே கரை முழுக்க உருண்டைக் கற்கள். கணுக்கால் பிசகாமல் ஏறி இறங்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மலைக்கும் போய்வரும் பழக்கம் நமக்கு உண்டு. முக்குளித்த உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதற்கு முன் உயரத்துக்குப் போனால், அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமும், பல முக்குளிப்புகளுக்குப் பிறகு 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒப்பானது; ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. விமானத்துக்குக் காத்திருக்கிறவர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காத்திருப்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் தாழ்வான வழியென்பதால், கோவளத்திலிருந்து கோவை திரும்புவதில் சிரமம் இல்லை. மண்டபத்திலிருந்து வருகிறவர்களும் திண்டுக்கல், தாராபுரம் வழியாகச் சமவெளியிலேயே வந்துவிடலாம். திருப்பூர்த் தம்பதியர் திங்கட்கிழமை அதிகாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் புறப்படுவதாக இருந்தார்கள். பயிற்சியாளர் அவர்களை உட்காரவைத்து விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஞாயிறு மதியம் இறங்கியிருந்தால் அந்தப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்க வேண்டும். கடைசி முக்குளிப்பு சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிட்டதால், தாராளமாகப் போய்வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.